அம்மா திருப்பி வைத்த செருப்புகள்

ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான் ஸ்கூடாய் நகரில் மூன்று கடைகளுக்கு முதலாளி. நேற்று என் வீட்டில் ஜெபமாலை. வாசல் நிறைய மழையில் நனைந்த செருப்புகள்! அந்த ரப்பர் வாடை என்னை, நான் வளர்ந்த செடெனாக் ரப்பர் தோட்டத்துக்கே தூக்கிப் போனது.

அங்கே மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா முந்தி ஓடிவந்து, எல்லார் செருப்பையும் மாட்ட வசதியாகத் திருப்பி வைப்பார். ஒருநாள், குழாயடியில் அவரைத் திட்டித் தீர்த்த அந்தோணியம்மாவின் செருப்பையும் திருப்பினார்.

"அந்தக்கா ஒன்ன அந்தத் திட்டு திட்டுச்சே!" என்று கத்தினேன்.

"சும்மா இருடா. ஈரத்துல வழுக்கும்லா, பாவம்."

பின்னாலேயே நின்ற அந்தோணியம்மா குனிந்து அம்மாவின் செருப்பைத் திருப்பி வைத்தார். அப்போது எனக்கு வந்த சந்தோஷம், முதல் கடை திறந்தபோதுகூட வரவில்லை!

நேற்று நானும் குனிந்தேன். "அலமாக் தவுக்கே, மொதலாளி நீங்க போயி இதச் செய்றதா!" என்று வந்தவர்கள் பதறினார்கள். விடுவேனா! கடைசி ஜோடிவரை திருப்பினேன்.