குண்டாகவே மெலிந்தவர்

தபாலதிபர் அம்மா தராசிலிருந்து இறங்கியபோது வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டச் சொன்னவன் நான்தான். ஐந்து மாதங்களில் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருகிறவர்களில் வேறு யாரும் அதில் பாதிகூடக் குறைத்ததில்லை. "இந்த அம்மாவப் பாருங்க. மனசு வச்சா முடியும்" என்று நான் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதை நான் கூச்சம் என்று நினைத்தேன். அவருடைய கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் "மிக நன்று" என்று எழுதி, கீழே இரண்டு கோடுகளும் போட்டேன்.

மாத்தளையிலிருந்து யட்டவத்தப் பக்கம் போகும் வழியில் இருந்த அந்தச் சிறிய வைத்தியசாலைக்கு நான் மாற்றலாகி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாற்பது வயதைக் கடந்திருந்தேன். அதற்கு முன் பெரிய வைத்தியசாலைகளில் வேலை செய்தவன் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் உண்டு. கிளினிக்கில் என்னோடு இருந்த தாதிக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. எல்லோரும் அவரை "மிஸ்" என்றே அழைப்போம். மாத்தளை டவுனில் பல தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பம். வரிசையில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தே சிங்களமா தமிழா என்று தீர்மானித்துப் பேச்சை மாற்றுவார். அதிகம் பேசமாட்டார். என் கைதட்டலில் அவர் மட்டும் சேரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

தபாலதிபர் அம்மா ஓய்வுபெற்று ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும். பலாபத்வலயில் மகளோடு இருந்தார். எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு. கொப்பிக்குப் பிரவுண் தாள் உறை போட்டு, பெயரை மூன்று மொழியிலும் எழுதி வைத்திருப்பார். நான் முதல் நாள் "சோத்தக் குறைங்க, எடையக் குறைங்க" என்று சொன்னதை அரசாங்கச் சுற்றறிக்கையைப் போல எடுத்துக்கொண்டார். மாதா மாதம் எடை இறங்கியது. சீனி இறங்கியது. எனக்கு அதற்கு மேல் பார்க்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவருடைய வலது காலில் செருப்பு கடித்த ஒரு சிறு புண் ஆறு வாரமாக ஆறாமல் இருந்தது. சீனிக்காரர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்று சொல்லி மருந்து கட்டி அனுப்பினேன். சீனிதான் இறங்கிவிட்டதே, பிறகும் ஏன் ஆறவில்லை என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கைதட்டலுக்கு அடுத்த மாதம், வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்தார். தரையில் தலை மோதுவதற்குள் மிஸ் ஓடிப்போய்த் தோளில் தாங்கிக்கொண்டார். சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கொடுத்துச் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். காலையில் சாப்பிடாமல் மாத்திரை போட்டிருப்பார் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். மிஸ் கதவருகில் நின்று, "டொக்டர், ஒரு நிமிஷம் வந்து இவங்களப் பாருங்க" என்றார்.

"என்ன மிஸ்?"

"இவங்களுக்குச் சாப்பாடு பத்தல. ரொம்ப நாளாவே பத்தல."

எனக்குச் சுருக்கென்றது. "உயரத்துக்கு எடை இன்னும் கூடத்தானே இருக்கு, மிஸ்? குண்டான ஆளுக்குப் போசாக்குக் குறைவா?"

அவர் வாதாடவில்லை. தபாலதிபர் அம்மாவைக் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "அம்மா, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்திரிங்க பாப்போம்" என்றார். அந்த அம்மா முன்னால் சாய்ந்தார், முயன்றார், மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் முடியவில்லை. அப்போதும் முகத்தில் அந்த மரியாதையான சிரிப்பு இருந்தது. மிஸ் என் கையைப் பிடிக்காத குறையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். கன்னம் உப்பியிருந்தது, ஆனால் நெற்றியின் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மேடாக இருக்க வேண்டிய சதை தட்டையாகிக் கிடந்தது. மேற்கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். தோலும் கொழுப்பும் கையில் வந்தன, அதற்குள்ளே இருக்க வேண்டிய தசை இல்லை. கடைசியாகக் கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. காலில் நீர். அப்படியென்றால் தராசு காட்டியதைவிடவும் அதிகமாக அவர் குறைந்திருந்தார், நீரின் எடை அதை மறைத்திருந்தது.

"தராசு பொய் சொல்லாது மிஸ்" என்றார் தபாலதிபர் அம்மா, எனக்காகப் பரிந்து பேசுகிறவர் போல. "முப்பது வருஷம் பார்சல் நிறுத்தவ நான்."

"பார்சல் எத்தன கிலோன்னுதானேம்மா தராசு சொல்லும்? உள்ள என்ன இருக்குன்னு நீங்க கேட்டுத்தானே எழுதுவீங்க?"

மிஸ் எதிரே நிற்காமல் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வழக்கமாக "என்ன சாப்பிட்டீங்க?" என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். அவர்களும் மதிப்பாக ஒரு பதில் சொல்வார்கள். மிஸ் வேறு மாதிரிக் கேட்டார்.

"நேத்து வீட்ல என்ன சமைச்சாங்க?"

"மகதான் விடிய சமைச்சு வச்சிட்டு வேலைக்குப் போவா. சோறு, பருப்பு, போஞ்சி, கருவாட்டுக் கறி."

நானாக இருந்தால் இதை எழுதிக்கொண்டு, பரவாயில்லை என்று கொப்பியை மூடியிருப்பேன்.

"அதுல உங்க பீங்கான் தட்டுல என்னம்மா விழுந்துச்சு?"

அந்த அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "தேத்தண்ணில ரஸ்க் நனைச்சுச் சாப்பிட்டேன்" என்றார்.

"ராவைக்கு?"

"அதேதான்."

மிஸ் அந்த அம்மாவின் வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை மெல்ல விலக்கினார். அந்த அம்மா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே இரண்டாக உடைந்த பல்செட்டு. உடைந்து ஐந்து மாதமாகிறதாம். மகள் வேலையிலிருந்து வரும்போது இருட்டிவிடும், தாய் அதற்குள் சாப்பிட்டு முடித்ததாகச் சொல்லிவிடுவார். பல் இல்லாமல் பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போக வெட்கம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"எப்படியும் குறைக்கத்தானே சொன்னீங்க டொக்டர். இது ஒரு ஒத்தாசையாத்தான் இருந்துச்சு." கைக்குட்டையை மறுபடி மடித்தார். "நீங்களும் ஒவ்வொரு மாசமும் அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

அன்று நான் எப்படி மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்தேன் என்று தெரியாது. மாத்திரையைக் குறைத்தேன். பல் வைத்தியருக்குக் கடிதம் எழுதினேன். மிஸ் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, புதுப் பல் வரும்வரை முட்டை, மசித்த பருப்பு, முள் எடுத்த மீன், கடலையை அவித்து அரைத்த கூழ் என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். மகள் மறுமுனையில் அழுதாளாம். வீட்டுக்குப் போய் என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். மிஸ் செய்தது அத்தனையும் அதில் இருந்தது. வேண்டுமென்று குறைக்காமலே குறைந்த எடை, தசை, வீக்கம், மெல்லும் திறன், உண்மையில் வயிற்றுக்குள் போன உணவு. பக்க ஓரத்தில் என் கையெழுத்தில் "முக்கியம்" என்றுகூட எழுதியிருந்தது. படித்துப் பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியவன் நான். ஒரு மனிதரின் உடம்பில் அதைப் பார்க்கத்தான் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மிஸ்ஸிடம் போய், எனக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன். கேட்பது சுலபமாக இருக்கவில்லை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் என் மேற்கையையே என்னைப் பிடித்துப் பார்க்கவைத்தார். பிறகு காவலாளியின் கை, சாரதியின் கை, சமையலறை அக்காவின் கை. "நல்லா இருக்கிற ஆள்கள நூறு பேரத் தொட்டுப் பாத்தாத்தான் டொக்டர், நல்லா இல்லாத ஆளு கைக்குத் தெரியும்" என்பார். முதல் இரண்டு வாரம் நான் சொன்னதில் பாதி தப்பு. அளவுநாடாவை இறுக்கிப் பிடித்து அளந்ததைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கேட்டபோது, கட்டுத்துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வாப்பா பெரிய உடம்பு. ஒப்பரேஷன் பண்ணி மூணு மாசம் படுக்கையில இருந்தாங்க. பாக்க வர்றவங்க எல்லாரும், ஆளு அப்படியே இருக்காருன்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், தாதியா இருந்தும். குண்டாவே மெலிஞ்சு போனாங்க டொக்டர். குளிப்பாட்டத் தூக்கினப்பதான் தெரிஞ்சுச்சு. அப்போ பிந்திருச்சு." அவர் கைகள் ஏன் ஒவ்வொருவரிடமும் அவ்வளவு நேரம் நின்றன என்பது எனக்கு விளங்கியது.

தபாலதிபர் அம்மாவின் புண், புதுப் பல் வந்து இரண்டரை மாதத்தில் மூடியது. எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. தராசிலிருந்து இறங்கி, பரீட்சையில் தவறிய பிள்ளையைப் போல நின்றார். "கூடிருச்சு டொக்டர்." அது நல்ல செய்தி என்று அவரை நம்பவைக்க எனக்குக் கால்மணி நேரம் எடுத்தது. உங்களுக்கு நான் செய்தது பிழை என்றும் சொன்னேன். அவர் பதறிப்போய், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று என் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

மிஸ் இரண்டு வருடங்களுக்கு முன் ரத்தோட்டைக்கு அப்பால் ஒரு வைத்தியசாலைக்கு மாற்றலாகிப் போனார். இன்று நான் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடம் கற்றேன் என்பதையும் சொல்வேன். போன மாதம் குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கப் போகும் வழியில் அவரைப் பார்க்க இறங்கினேன். மழைத்தூறல். கையில் கத்தி வெட்டிய ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு எலும்பை எண்ணலாம், கன்னம் ஒட்டிய மனிதர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மிஸ், இவரோட எடையப் பாத்தீங்களா? ரொம்ப..." என்று மெதுவாகச் சொன்னேன்.

"தொட்டுப் பாருங்க டொக்டர்."

மேற்கையைப் பிடித்தேன். தேயிலை மரத்தின் அடிக்கட்டை போல இறுகிக் கிடந்தது. எழச் சொன்னதும் அந்த மனிதர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல், ஒரு துள்ளலில் எழுந்து நின்றார். என்ன சாப்பிடுகிறார் என்று மிஸ் பாணியிலேயே கேட்டேன். அவர் சொன்ன பட்டியல் முடியவே இல்லை.

"எங்க அப்பாவும் இப்படி ஒல்லிதாங்க ஐயா" என்றார் அந்த மனிதர், என் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு. "பொண்ணு பாக்கப் போன எடத்துலயும், ஒழுங்காச் சாப்பிடுறீங்களான்னு இதத்தான் கேட்டாங்க."

மிஸ் தலையைக் குனிந்துகொண்டு கட்டுத்துணியின் நுனியை முடிச்சுப் போட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் அசைவில் தெரிந்தது.