சுலைமான் மச்சானின் ‘தெரியலை’

என் அக்கா மரியம் பீவியைக் கட்டியவர் சுலைமான் மச்சான். விளக்குத்தூண் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு முக்காலி, ஒரு பூட்டு. வருகிறவர்கள் கண்ணாடியை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, சரியாக இருப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் ‘சரியாக’ என்பதில்தான் மச்சான் ஆளைப் படுத்துவார். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆண்டிச்சாமி என்று ஒருவர் வந்தார். மச்சான் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டுக் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் காட்டினார்.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுண்ணே.”

“என்ன தெரியுது?”

“கோபுரம்.”

“கோபுரம் அங்க இருக்கிறது கண்ணை மூடினாலும் உனக்குத் தெரியும்யா. அதுல என்ன தெரியுது?”

ஆண்டிச்சாமி விழித்தார். நாலைந்து கண்ணாடி மாற்றிய பிறகு, “அட, அந்தப் பொம்மை தலையில ரெண்டு புறா உக்காந்திருக்கு!” என்று கத்தினார். மச்சான் அதற்கப்புறம்தான் விலை சொன்னார். பாதிப் பேர் மரியாதைக்காகத் ‘தெரியுது’ என்று சொல்லிவிடுகிறார்கள், மீதிப் பேர் ஆசையில் சொல்லிவிடுகிறார்கள் என்பார். இப்படி வியாபாரம் செய்தால் வீட்டில் எப்படி உலை கொதிக்கும் என்று நான் அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே துணியால் கண்ணாடியைத் துடைப்பார்.

கண் கூர்மையான மனுஷர் என்பதால் ரமலான் முடிவில் பிறை பார்க்க எங்கள் தெருப் பள்ளிவாசல் மாடியில் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இருபத்தொன்பதாம் நோன்பு அந்தியில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. மச்சான் தெரியுது என்றால், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அசரத்து மறுபேச்சுப் பேசமாட்டார்.

முப்பத்தேழாம் வருஷம் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. அக்கா குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்த உடம்பு. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று அசரத்தே சொல்லி அனுப்பினார். அவள் கேட்டால்தானே? “பிடிச்ச நோன்பை விடமாட்டேன். இன்னைக்கு மட்டும் பிறை தெரிஞ்சிருச்சுன்னா நான் பிழைச்சேன்” என்றாள். மச்சான் காதில் விழும்படிதான் சொன்னாள்.

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. அந்தியில் மேற்கே கருமேகம். அடிவானத்தில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. நான் மச்சானை ஒட்டி நின்றேன். எங்கள் யாருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. அவர் மட்டும் அந்த இடுக்கையே பார்த்தார். முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“சுலைமான் பாய், தெரியுதா?” என்றார் அசரத்து.

மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. என்ன கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். தன்னையே குடைந்திருப்பார்: என்ன தெரியுது?

“தெரியலை, அசரத்து.”

மறுநாள் காலையில் அக்கா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். முன்பல் உடைந்து ரத்தம் கொட்டியது. அவளைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரே சத்தம். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ரயிலில் வந்த இருவர், பிறையைக் கண்ணாரக் கண்டதாக அசரத்திடம் சாட்சி சொல்லிவிட்டார்கள். அன்றுதான் பெருநாள். ஊரே நோன்பை விட்டுவிட்டுத் தொழுகைக்கு ஓடியது. கண்ணாடிக்காரர் கண்ணுக்கே கண்ணாடி வேணும் போலிருக்கே என்று வழியெல்லாம் கேலி.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “பிறை அங்கனதான் இருந்திருக்கு மச்சான்! உங்களுக்குத்தான் தெரியலை!” என்று கத்தினேன்.

“எனக்கு என்னமோ தெரிஞ்சுச்சு மாப்ள. அது பிறைதானான்னு தெரியலை.”

தெரிந்ததாம், ஆனால் தெரியவில்லையாம்! அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். அவள் செய்ததுதான் நியாயம் என்று நானும் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஓர் அந்தியில் மச்சான் விளக்கை ஏற்றிவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். இடது கண்ணைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“திரிக்கு மேல மெல்லிசா வளைஞ்சு ஒரு கோடு நிக்குது. இந்தக் கண்ணைப் பொத்தினா இல்லை. அன்னைக்கு நான் பார்த்தது இதுதான். கண்ணுல புரை விழுந்திருக்கு.”

நான் விடவில்லை. “இருக்கட்டும் மச்சான். பிறை நிசமாவே இருந்துச்சுல்ல? தெரியுதுன்னு நீங்க சொல்லியிருந்தா அது உண்மையாத்தானே ஆகியிருக்கும்?”

“பிறை உண்மை, மாப்ள. நான் பார்த்தேன்கிறது பொய்.”

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஊரில் எல்லாரும்தான் சொல்கிறோம். அதைத் தன் கண்ணிடமே விசாரித்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் என் கோபம் போனது என்று சொல்லமாட்டேன். அக்கா விளக்கைத் தள்ளி வைத்தாள். “இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் கடைக்குப் போனீங்க?” என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான்.

அடுத்த ரமலானுக்குள் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. பெட்டியை விற்றாயிற்று. பிறை பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு அந்தியில் அக்காவே கையைப் பிடித்து எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினாள். நோன்பில் வாடியிருந்த முகத்தை மேற்கே தூக்கிக்கொண்டு நின்றார்.

“மரியம், தெரியுதா?”

வானம் வெறும் மேகம். நான் அக்கா காதில், “தெரியுதுன்னு சொல்லேன், பாவம். சந்தோசப்படட்டும்” என்றேன். என்னை முறைத்தாள். உடைந்த பல்லின் மேல் நாக்கை வைத்தபடி வெகுநேரம் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

“எனக்குத் தெரியலைங்க.”

ஊரையெல்லாம் குடைந்த மனுஷர், என்ன தெரியுது என்று அவளிடம் கேட்கவில்லை.

“சரி மரியம். நாளைக்கும் நோன்புதான். விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பி விடு” என்று சொல்லி, இறங்குவதற்குக் கையை நீட்டினார்.