கார்த்திகைக்கு இரண்டு மட்கார்டு

தீபாவளி வருகிறது என்று யாராவது சொன்னால் ரகுபதிக்கு முதலில் கெண்டைக்கால்தான் வலிக்கும். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடி, பட்டுப்புடவைப் பகுதி. மீசை அரும்பிய வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அந்த ஒரே கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அலமாரியிலிருந்து எடுப்பது, உதறி விரிப்பது, வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினால் மடித்து வைப்பது, அடுத்ததை எடுப்பது. ராத்திரி மேற்கு மாம்பலம் வீட்டுக்குத் திரும்பும்போது பேசக்கூட வாய் வராது. மனைவி காமாக்ஷி கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

வருஷத்தில் ஒரு முறைதான் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். பண்டிகை விற்பனை முடிந்ததும் கடையில் பழைய ஆட்களுக்கு முறை வைத்து லீவு கொடுப்பார்கள். ரகுபதி அந்த லீவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திருக்கழுக்குன்றம், காஞ்சிபுரம், ஒரு தடவை பாண்டிச்சேரி. போகிற வழியில் யாரும் அவரை ஒன்றையும் எடுத்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். அது ஒன்றே அவருக்குப் போதும்.

சைக்கிள் எதிர்வீட்டு அச்யுத் அமெரிக்கா போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து கியர், பின்னால் மூட்டை கட்டக் கேரியர், மெல்லிய டயர். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. குறை என்று சொன்னால் அதன் பிளாஸ்டிக் மட்கார்டுதான். முந்தைய வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து மழையில் திரும்பும்போது வாலாஜாபாத் பக்கத்தில் பின் மட்கார்டு முறிந்து விழுந்தது. சக்கரம் வாரியடித்த சேற்றில் முதுகிலிருந்து பிடரி வரைக்கும் நனைந்து வீடு வந்து சேர்ந்தார். மறுநாளே காய்ச்சல். லீவு முடிந்தும் கடைக்குப் போக முடியாமல் போய், முதலாளியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

தொண்ணூற்றாறாம் வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வரை போவது என்று முடிவு செய்தார். கார்த்திகை என்றால் மழை நிச்சயம். நல்ல மட்கார்டு இல்லாமல் தாம்பரத்தைத் தாண்டக் கூடாது என்று காமாக்ஷி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த பிறகு கிடைத்த ஒரு ஓய்வு நாளில் ராயப்பேட்டைக்குப் போனார். அங்கே ஒரு சந்தில் வலியுல்லா என்பவர் பழைய சைக்கிள் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து மட்கார்டுகள் வௌவால் மாதிரி தொங்கின.

"இன்னா சார் வோணும்?"

"மட்கார்டு, பாய். மெலிசு டயர். மழையில தூரமா ஓட்டணும்."

"சாதா வண்டியோடது இதுக்கு அகலம், சேராது. பாப்போம்."

ஸ்டூல் மேல் ஏறி ஒன்றை எடுத்துப் போட்டார். புதுத் தகரம், கண்ணாடி மாதிரி மின்னியது. ரகுபதி விரலால் சுண்டிப் பார்த்தார். தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. கல் ரோட்டில் உயிரை வாங்கிவிடும். அடுத்தது அலுமினியம். எடை இல்லை, துருப்பிடிக்காது. ஆனால் ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல். பிளாஸ்டிக்கை அவர் கையால் தொடவே இல்லை. தடித்த இரும்பு ஒன்று வந்தது, அகலம். இன்னொன்று வந்தது, நீளம் போதவில்லை.

"மேல அந்த ஓரத்துல இருக்கே, அதைக் கொஞ்சம் எடுங்களேன்."

வலியுல்லா ஏறினார், இறங்கினார்.

"இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கறது."

மறுபடி ஏறி இறங்கியவர் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கோச்சுக்காதீங்க சார். பொடவ எடுக்க வந்த மாதிரி பாக்குறீங்க."

ரகுபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. "நான் பொடவை விக்கறவன், பாய்."

வலியுல்லா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். "அப்ப இந்த வலி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

தெருக்கோடியிலிருந்து இரண்டு டீ வரவழைத்தார் வலியுல்லா. குடித்துக்கொண்டே கேட்டார். "எல்லாத்தையும் இறக்கிப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காம போய்க்கினே இருப்பாங்களே. அப்ப இன்னா தோணும் உங்களுக்கு?"

ரகுபதி யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் தோணாது. மடிச்சு வைப்பேன்."

டீ முடிந்த பிறகு வலியுல்லா உள்ளே போய்ச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பின் மட்கார்டை இழுத்து வந்தார். ஏதோ பழைய சீமை வண்டியுடையது. ஒடுக்கம், நல்ல கனமான தகடு. ஒரு இடத்தில் நசுங்கி, உடம்பெல்லாம் துரு. ரகுபதி நகத்தால் சுரண்டினார். துரு மேலோடு இருந்தது, உள்ளே தகடு கெட்டியாகத்தான் இருந்தது. முன்பக்கத்துக்கு அதே அகலத்தில் வேறொன்று கிடைத்தது, வளைவு கொஞ்சம் வேறு மாதிரி.

"ஜோடி கிடையாது சார்."

"பரவாயில்லை. ரோட்டுல யார் பாக்கப்போறா."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் மாடிப்படி வளைவில் உட்கார்ந்து வேலை செய்தார். மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், பிறகு உப்புக் காகிதம். மணல் நிரப்பிய பையில் மட்கார்டைக் கவிழ்த்து வைத்து, நசுங்கிய இடத்தை மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டி எடுத்தார். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு அலை விழுந்துவிடும் என்று தெரிந்து, பொறுமையாகத் தட்டினார். சைக்கிள் அச்சோடு மட்கார்டைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் புதிதாக வாங்கி வந்து வளைத்தார். பழைய டியூபை வெட்டி, திருகாணி வருகிற இடத்துக்கெல்லாம் ரப்பர் வளையம் செய்தார்.

"ஆத்துல ஒரே மண்ணெண்ணெய் வாடை. இன்னும் எத்தனை நாள் இதைத் தேச்சுண்டிருப்பேள்?" என்றாள் காமாக்ஷி. அவளுக்கும் அப்போது ஓய்வில்லை. அக்கம்பக்கத்துக்குத் தீபாவளி பட்சணம் செய்து கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தாள். பொழுது விடிந்தால் அடுப்பு, பொழுது அடைந்தால் அடுப்பு.

துரு மறுபடி ஏறாமல் இருக்கச் சிவப்பு மண் நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்து முடித்த அன்று பண்டிகைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. மேலே கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டியது பாக்கி. மட்கார்டுகள் சுவரில் சாய்ந்தபடி நின்றன. ரகுபதி அவற்றைத் தாண்டிப் போவார், தாண்டி வருவார். கடைக்குப் போகும் வழியில் துரைசாமி சப்வேயில் மழைத்தண்ணீர் நின்றதால் ரயில்வே மேம்பாலப் படியேறி நடக்க வேண்டியிருந்தது. கடையில் ஒரு குடும்பம் நகர்ந்தால் அந்த இடத்தில் இரண்டு குடும்பம். அரக்கு காட்டுங்கள், இதைவிடக் கொஞ்சம் கருத்த அரக்கு, பார்டர் சின்னதாக, இல்லை, முதலில் காட்டியதே தேவலை. ஒரு நாள் மத்தியானம் வலதுகை தோளுக்கு மேல் தூக்கவே வரவில்லை.

பக்கத்துக் கவுண்டர் கனகராஜ் அதைக் கவனித்துவிட்டான். "அண்ணே, நீங்க கீழ நின்னு பேசுங்க. நான் எடுத்துப் போடறேன்."

தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தவர், ஒரு வாய் மருந்து லேகியத்தோடு படுத்துவிட்டார். வெடிச் சத்தம்கூட அவரை எழுப்பவில்லை. மறுநாள் காபி குடிக்கச் சமையலறையில் உட்கார்ந்தபோது தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். கொடியில் இரண்டு மட்கார்டும் தொங்கின. நல்ல அரக்கு நிறம். ஓரத்தில் மெல்லிசாகத் தங்கநிறக் கோடு, பிசிறில்லாமல்.

"யார் அடிச்சது?"

"நான்தான். கறுப்பு டப்பா காஞ்சு கட்டியாப் போயிடுத்து. கீழாத்துல கதவுக்கு அடிச்ச மிச்சம் இருந்தது, கேட்டு வாங்கிண்டேன்." அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "கோடு எப்படி?"

"பொடவை மாதிரி இருக்கு, காமு," என்றார் ரகுபதி. "லீவுலயும் நான் இதைத்தான் பாக்கணுமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. காமாக்ஷி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூணு பூச்சு. மழையில காயவே இல்லை. பட்சணமெல்லாம் குடுத்து அனுப்பினப்புறம் அடுப்புச் சூட்டுல திருப்பித் திருப்பிக் காட்டினேன். நாலு நாளா உங்க தலைக்கு மேலதான் தொங்கிண்டிருக்கு. நீங்க பாக்கலை." கையை நீட்டிக் காட்டினாள். "எனக்கும் கை வலிக்கறது."

அவள் விரல் இடுக்கில் பெயின்ட் இன்னும் போகாமல் இருந்தது. மணிக்கட்டுக்கு மேல் எண்ணெய் தெறித்த கொப்புளம். அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் அவருக்குப் பழக்கம் இல்லை. காபியைக் குடித்து முடித்து, கொடியிலிருந்து மட்கார்டுகளை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "காமு, இந்தப் பக்கம் செத்தப் பிடிக்கறியா?" என்று கூப்பிட்டார். அவள் வந்து பிடித்தாள். முன் சக்கரத்தில் ஒரு பக்கம் உரசியது. கம்பியைக் கழற்றி வளைத்து, மறுபடி மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள். நாலைந்து முறைக்குப் பிறகு சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருந்தது.

தீபத்துக்கு முதல் நாள் விடியலில் கிளம்பினார். தூறல். பல்லாவரத்துக்குள் நல்ல மழையாகிவிட்டது. லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஆனால் அவருடைய சக்கரத்துத் தண்ணீர் அவர் மேல் படவில்லை. மட்கார்டுக்கு அடியில் உஸ் என்ற ஓசை மட்டும் கூடவே வந்தது. கடகடப்பு இல்லை. செங்கல்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது மழைக்கோட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். முதுகு காய்ந்திருந்தது.

பாலாற்றுப் பாலம் தாண்டியபோது கால் கனத்தது. வலி என்று சொல்ல முடியாது. மிதிக்கச் சொன்னால் கேட்கவில்லை, அவ்வளவுதான். மதுராந்தகம் ஏரி கரை தளும்ப நின்றது. பார்த்துவிட்டுப் போகலாம் என்று கரையில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். ஒரு மணி நேரம் கண்ணை மூடிவிட்டுத் திண்டிவனம் போய்விடலாம் என்பது எண்ணம்.

யாரோ கதவைத் தட்டினார்கள். லாட்ஜ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நேத்து மத்தியானம் படுத்தீங்க. ஒண்ணும் சாப்பிடக்கூட வரல. பயந்துட்டேன்."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அன்றுதான் தீபம். இனி சைக்கிளில் போய்ச் சேர முடியாது. பஸ் இருக்கிறது, ஆனாலும் கூட்டம் பிதுங்கும் என்றார் லாட்ஜ்காரர். ரகுபதி கீழே போய் இட்லி சாப்பிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அகல் ஏற்றினார்கள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். மலைமேல் தீபத்தைப் பார்க்காதது வருத்தமாகத்தான் இருந்தது. அதையும் மீறிக் கொட்டாவி வந்தது. மேலே போய் மறுபடி படுத்தார்.

அடுத்த நாள் வீடு திரும்பியபோது காமாக்ஷி கதவைத் திறந்ததும் கேட்டாள். "தீபம் பாத்தேளா? மலை மேல எப்படி இருந்தது?"

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார். சொல்லத் தெம்பு இல்லை. "போகலை. மதுராந்தகத்துல தூங்கிட்டேன்."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

அவள் அவர் கையிலிருந்து மழைக்கோட்டை வாங்கிக்கொண்டாள். "நன்னா தூங்கினேளா?"

"நன்னா."

"அடுத்த வருஷம் நானும் பஸ்ல வரேன்," என்றாள் காமாக்ஷி. "எனக்கும் தூங்கணும்."

சொன்னபடியே வந்தாள். அவர் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, மதுராந்தகத்து லாட்ஜ் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரைக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இருவரும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.