மெர்சி அன்ரி கண்டெடுத்த வலன்ரைன் அட்டை

இன்று காலை கடையின் பின்பக்கம் கை கழுவப் போனேன். சவர்க்காரம் காய்ந்து கிடந்தது.

எனக்கு முன்னால் வந்து அதை நனைத்து வைப்பது எப்போதும் மெர்சி அன்ரிதான். பழைய கடதாசிகளை, நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கையால்தான் தொடுவோம். கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, கிழித்துவிடுவோம்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து சொன்னார். நேற்றுப் பின்னேரம்... ஹார்ட் அட்டாக். மெர்சி அன்ரி போய்விட்டார்.

கனடாவில், ஸ்ரௌவ்வில் பக்கம் இருக்கும் எங்கள் பழம்பொருள் கடைக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். மன்னார் ஆள். பெரிய சிரிப்பு. "அருமையான மனுசி" என்று இங்கே எல்லாரும் எழுதுகிறீர்கள். உண்மைதான்.

ஆனால் எனக்கு அவரில் பொறாமை. அங்கே வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு வருசமும். அதை விட்டுவிட்டு வேறு என்ன எழுதினாலும் பொய்யாகிவிடும்.

கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், "மெர்சி எங்கே?" என்று கேட்பார்கள். நானும் அதே மேசையில்தான் இருப்பேன்.

ஒரு நாள் ஒருவர் என்னிடமே ஏதோ கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் அன்ரி பதில் சொல்லி, ஒரு பகிடியும் விட்டு, அவரைச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "என்னடி உம்மணாமூஞ்சி, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?"

கோபத்தில் அந்தப் பக்கம் திரும்பி இருந்தேன். தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மீன் கட்லட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன்... நல்ல ருசி. அதற்கும் எரிச்சல் வந்தது.

போன மாதம் யூனியன்வில்லில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தார்கள். அங்கிருந்து புத்தகப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. கடிதம், படம், காய்ந்த பூ... ஆட்கள் எதையும் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடுவார்கள். உதறிப் பார்க்கக்கூடாது, உள்ளே இருப்பது உடைந்துவிடும்.

எனக்கு ஒரு சமையல் புத்தகம் வந்தது. பாதிவரை புரட்டினேன். எல்லாம் மாப்பிசுக்கு, ஒட்டிப்போன தாள்கள். மீதியைப் பார்க்காமல் றீசைக்கிள் பெட்டிக்குள் போட்டேன்.

அன்ரி அதைத் திரும்ப எடுத்தார். கடைசித் தாள்களுக்கு நடுவில் அது இருந்தது.

நூறு வருசத்துக்கும் மேல் பழைய, கையால் செய்த வலன்ரைன் அட்டை. வெள்ளைத் தாளைச் சின்னக் கத்தரியால் லேஸ் மாதிரி வெட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு கை வரைந்து, அந்தக் கைக்குள் ஒரு சிவப்பு இதயம். இதயத்தைத் தூக்கினால், கீழே நூலால் கட்டிய ஒரு சுருள்.

"ஐயோ கடவுளே, உது மனிசத் தலைமயிரடி!"

கடையில் நின்ற எல்லாரும் ஓடிவந்தார்கள். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"உந்தப் புத்தகம் நீதானே பார்த்தனி?"

"ஓம் அன்ரி."

"முழுக்க?"

நான் றீசைக்கிள் பெட்டியைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்தை அரைவாசியில விட்ட மாதிரி உதையும் விட்டிட்டியாக்கும்!"

சிரித்தார். தமிழ் விளங்காத ஆட்களும் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பதினோராம் வகுப்போடு விட்டது அந்தக் கடையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். நானே சொன்னது.

விற்கிற ஒவ்வொரு அட்டையோடும் ஒரு துண்டுத் தாள் வைப்போம். எந்த வீடு, எந்தப் புத்தகம், கண்டெடுத்தது யார். சேகரிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பேனை மை ஊறிவிடும் என்பதால் பென்சிலால் எழுதுவோம். எழுதுவது நான்.

அன்றைக்குக் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். "உன்ர எழுத்து வடிவுதான் பிள்ளை" என்றார். துண்டை அட்டையோடு உறைக்குள் வைத்தார்.

அவ்வளவுதான். ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அதிலும் அவரே பெரிய ஆளாகிவிட்டார்...

இன்று மத்தியானம் றிச்மண்ட் ஹில்லிலிருந்து ஜோன் வந்தார். பழைய வலன்ரைன் அட்டைகள் சேர்ப்பவர். இந்த அட்டையைத் தனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார். "மெர்சி எங்கே?" என்றார். சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று யோசித்தேன். அந்த நேரத்திலும்.

பிறகு ஜோன் துண்டை வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருசத்தில் முதல் தடவை.

"இதை நீயா கண்டெடுத்தாய்? எப்படி?"

"கடைசித் தாள்கள் ஒட்டியிருந்தன. மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன்" என்றேன். ஆங்கிலத்தில், தடக்காமல்.

செய்தி வந்து மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை.

ஜோன் என் கையைப் பிடித்தார். தன் அல்பத்தில் அட்டைக்குக் கீழே என் பெயரை எழுதுவதாகச் சொன்னார். அட்டையைக் கொண்டு போய்விட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பஸ் ஏறும்வரை இருந்தது.

அன்ரியைக் கடைசியாகப் பார்க்க ஜோனும் வருவார். அன்ரியின் கணவரின் கையைப் பிடித்து இந்த அட்டையைப் பற்றிச் சொல்வார், என் பெயரையும் சொல்வார். அட்டை கிடைத்த அன்றைக்கே அன்ரி வீட்டில் போய் எல்லாம் சொல்லியிருப்பார்... அவர் சொல்லாமல் இருக்கிற ஆளா?

அன்ரி, உங்களில் எனக்கு இப்பவும் பொறாமைதான். போயிட்டு வாங்கோ.

இதைப் பதிவதற்கு முதல் ஜோனுக்குப் போன் எடுத்தேன். மெசேஜ் போடவில்லை. அவர் ஹலோ சொன்னதும், "அதைக் கண்டெடுத்தது மெர்சி" என்றேன்.