கோவளம் சாலையில் ஒரு கோடாலி

என் நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மகள் புடவை எடுத்துத் தருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ கோவளத்துக்குப் பக்கத்தில் கோடாலி எறியும் இடம் ஒன்றில் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தாள்.

"காசு குடுத்து விறகு வெட்டப் போறோமா?" என்றார் என் கணவர்.

"வெட்டறது இல்லப்பா, எறியறது."

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. முந்தைய வருடம் முழுக்க வலது தோள் இறுகிப்போய், தலை பின்னுவதற்குக்கூட மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சரியாகியிருந்தது. ஒன்றிரண்டு எறிந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கம்பி வலையால் தனித்தனித் தடங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு தடத்தின் கோடியிலும் வட்டங்கள் வரைந்த மரப்பலகை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்குங்க ஆன்ட்டி. ஒரு அடி முன்னால வச்சு, கை நேரா வந்ததும் விட்டுடுங்க. பலமே வேணாம்."

எறிந்தேன். கோடாலியின் காம்பு பலகையில் அறைந்து கீழே விழுந்தது. ஒன்பது முறை அப்படியே. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் என் காலைப் பார்த்து, "அரை அடி பின்னால போங்க. அது ஒரு முழுச் சுத்து சுத்தறதுக்கு எடம் வேணும்ல?" என்றாள்.

பத்தாவது எறிதலில் வேறொரு சத்தம் கேட்டது. 'தக்' என்று, அழுத்தமாக. கோடாலி பலகையில் நின்றுகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தடங்களில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்து நான்கு வருடங்களாக வகுப்பில் "சத்தம் போடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்டலூர் வழியாகத் தனியாகவே கோவளம் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.

அங்கேதான் எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடும் ஒருவரைச் சந்தித்தேன். ஊரப்பாக்கத்தில் மரக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். என் பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்சு போச்சு டீச்சர். கொஞ்சம் தண்ணி தெளிங்க, அப்பதான் புடிக்கும்" என்றார். "முப்பது வருஷமா மரத்தை அறுத்து வித்துக்கினு இருந்தேன். இப்பதான் அதோட விளையாடறேன்."

அன்றிலிருந்து இருவரும் வாராவாரம் போட்டி போட்டோம். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். முதல் இரண்டு மாதம் எல்லா டீயும் நான்தான் வாங்கினேன்.

ஐந்தாவது மாதம் சொந்தமாக ஒரு கோடாலி வாங்கினேன். வாங்கிய வாரமே கேளம்பாக்கம் தாண்டி வண்டிச் சோதனையில் நிறுத்தினார்கள். பெண் போலீஸ் ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா மேடம் இது?"

"கோடாலிங்க."

"எதுக்கு?"

"எறியறதுக்கு."

"யார் மேல?"

நான் எறிவதை எடுத்த வீடியோ போனில் இருந்தது, அதைக் காட்டினேன். அவர் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு போலீஸ்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "லேடீஸ் எல்லாம் போறாங்களா மேடம்? எந்த எடம்?" என்று கேட்டு, வழியைக் குறித்துக்கொண்டுதான் என்னை விட்டார்.

வருடக் கடைசியில் போட்டி வைத்தார்கள். கணவரும் மகளும் வந்திருந்தார்கள். ஒருவருக்குப் பத்து எறிதல். நடு வட்டத்துக்கு ஆறு புள்ளி. பலகையின் மேல் மூலைகளில் நெல்லிக்காய் அளவில் இரண்டு நீலப் பொட்டுகள், அவற்றுக்கு எட்டு. ஆனால் அவற்றைக் கடைசி எறிதலில் மட்டும், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் குறிவைக்கலாம்.

அரையிறுதியில் எனக்கு எதிரே பாய். அவர் நாற்பத்தைந்தில் முடித்துவிட்டார். ஒன்பது எறிதலில் நான் முப்பத்தெட்டு. நடு வட்டத்தில் அடித்தால்கூடத் தோல்விதான். பயிற்சியில் பத்துக்கு ஒன்றுகூட மூலையில் விழுந்ததில்லை எனக்கு.

"மூலை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர் மறுபடி கேட்டார். "மூலை!" என்று கத்தினேன்.

"அவசரமே வேணாம் டீச்சர்," என்றார் பாய், பின்னாலிருந்து.

கோடாலியைத் தூக்கினேன். தோள் வலிக்கவில்லை. பயம்கூட இல்லை. கை நேராக வந்ததும் விட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றிப் போய் நீலப் பொட்டைப் பிளந்துகொண்டு நின்றது.

எனக்கு முன்பே கத்தியவர் பாய்தான். தோற்றுவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்திருக்கும் போல, தலையில் கைவைத்தபடி சிரித்தார். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கணவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "பட்டுச்சா? பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எறிந்தபோது கண்ணை மூடிக்கொண்டாராம்.

இறுதிச் சுற்றில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் படுதோல்வி. அவள் மூச்சுவிடுவதுபோல நடு வட்டத்தில் அடித்தாள். எனக்கு அதிலும் வருத்தமில்லை. பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாம் பரிசு மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கடற்கரையோரம் பாயோடு சேர்ந்து எல்லோருமாக வறுத்த மீன் சாப்பிட்டோம்.

மகள் தோழியோடு போய்விட்டாள். கணவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினேன். வண்டலூர் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் என் மெடலைப் பார்த்தார்.

"இன்னாக்கா, இன்னாத்துக்கு மெடலு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் கணவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூலை, நீலப் பொட்டு, எட்டுப் புள்ளி என்று, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மாதிரியே. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நிறுத்துவதாக இல்லை. ஆட்டோவும் நகரவில்லை.