தோசைக்கல் கனம்

சக்கரத்தின் நட்டுகளை இளக்கிவிட்டு, ஜாக்கியைச் சுழற்றுவதற்கு முன் தேவநாதன் காரை ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கிறார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்கிறார். திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் விரல் அது. எதைக் கண்டாலும் சும்மா இராது. பூசணிக்காயைச் சுண்டுவார், புதுக் கதவைச் சுண்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைச் சுண்டி, "நல்ல கனம்" என்றவர்.

"என்னப் பாக்க வந்தாரா, டம்ளரப் பாக்க வந்தாரான்னு எங்க அப்பாவுக்கே சந்தேகம்" என்பார் மனைவி வடிவு.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு வீட்டு வாசல்தான் அவருக்கு மெக்கானிக் ஷெட். வளவனூர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய வெள்ளை மாருதியை வேறு யாரும் தொட அவர் விடுவதில்லை. "ஷெட்ல வுட்டா ஜல்தியா தரமாட்டான். நாம போய் நின்னுக்கினு இருக்கணும். ஒரே பேஜாரு." பின்சக்கரங்களுக்கு அண்டையாகச் செங்கல் வைப்பார். முன்சக்கரத்தைக் கழற்றி காருக்கு அடியில் படுக்கவைப்பார், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல் உட்காரட்டும் என்று.

சக்கரத்துக்கு உள்ளே தட்டு மாதிரி ஒரு டிஸ்க். அதை இரு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துபவை பிரேக் பேடுகள். அவற்றின் தேய்மானத்தை அளக்க அவரிடம் தனிக் கணக்கு உண்டு. "புதுசுன்னா தோசைக்கல் கனம். பாதி தேஞ்சா தாம்பாளம். டபரா கனம் வந்துட்டா மாத்திடணும். அப்பறமும் ஓட்டினா இரும்போட இரும்பு ஒரசிக்கினு கத்தும்."

இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிப்பக்கத்துப் பேடு தாம்பாளமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்பக்கத்தது டபரா.

"மாத்தணும்" என்றார்.

"மாத்துங்க. நான் நாளைக்கு பஸ்ஸுலயே போய்க்கிறேன்" என்றார் வடிவு.

மறுநாள் அமாவாசை. அமாவாசை தவறாமல் மேல்மலையனூருக்குப் போகிற குடும்பம் அது. ஆனால் சென்ற வருஷ ஆயுத பூஜைக்குப் பிறகு வடிவு காரில் ஏறுவதில்லை.

அந்தப் பூஜையில் தராசுக்கும் பேர் வெட்டும் மிஷினுக்கும் பொட்டு வைத்த தேவநாதனுக்கு, மாட்டுவதற்காக வாங்கிவைத்திருந்த புதுப் பேடுகளை விட்டுவிட மனம் வரவில்லை. தண்ணீரில் குழைத்த குங்குமம் அவற்றின் கறுப்பில் ஒட்டாமல் உதிர்ந்தது. நல்லெண்ணெயில் குழைத்தார். பேடுகளின் உராய்கிற பக்கத்தில், பிள்ளைக்கு வைப்பதுபோல் பெரிய பெரிய பொட்டாக வைத்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று அப்படியே மாட்டியும்விட்டார்.

அடுத்த அமாவாசையன்று செஞ்சி ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். எண்ணெய் குடித்த பேடுகள் வழுக்கின. ஆடு தப்பித்தது. கார் மட்டும் வழுக்கிக்கொண்டே போய், சின்னபொண்ணு என்கிற அம்மாள் சாலையோரம் காயப்போட்டுக் குவித்திருந்த வேர்க்கடலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "வண்டி நிறுத்த எங்க மல்லாட்டதான் கெடச்சிதா?" என்று சின்னபொண்ணு துடைப்பத்தோடு வந்தபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கொட்டிய மல்லாட்டை வடிவின் மடி நிறைய இருந்தது.

மறுநாளே வேறு பேடு வாங்கி மாட்டினார். மனைவியின் மனத்தைத்தான் மாற்ற முடியவில்லை. அதிலிருந்து வடிவு பஸ்ஸில் போவார். பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு இவர் போவார். "ஏம்மா, வூட்டுக்காரருக்கும் டிக்கெட் போட்டுடவா?" என்று கண்டக்டர் கேட்கும் அளவுக்கு அது பிரசித்தம். ஹாரன் அடித்தால் வடிவு பின்சீட்டிலிருந்து கையாட்டுவார். இவரும் ஆட்டுவார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாமல் கார் ஓட்டுவது, மூடியில்லாத பானையை விற்பதுபோல் இருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார்.

அதனால் அன்று கெஞ்சினார். "பக்கத்துலயே ஒக்காந்துக்கினு பாரு. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வராத."

வடிவு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தேவநாதன் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தார். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் தேய்க்கச் சொன்னார் வடிவு. பாத்திரத்தில் பேர் வெட்டும்போது இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை வைத்து, உள்ளே பேடுகளை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ளினார் தேவநாதன். புதுப் பேடுகளை ஓரத்தைப் பிடித்து, சூடான டபராவைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே இறக்கினார். இரண்டு சக்கரமும் முடிந்ததும் சீட்டில் ஏறி, பிரேக் கெட்டிப்படும்வரை மிதித்தார்.

இறங்கி வந்தால் எதிரே வடிவு, குங்குமக் கிண்ணத்தோடு.

"அய்யோ, பேடுக்கு வேணாம்மே!"

"பேடுக்கு யாரு வெச்சாங்க? குனிங்க." அவர் நெற்றியில் ஒன்று வைத்தார். "அந்த மல்லாட்டக்காரம்மா எடத்துல நிறுத்திக் காட்டணும். நிக்கலன்னா அங்கயே எறங்கி பஸ் ஏறிடுவேன்."

காலையில் வடிவு முன்சீட்டில் ஏறினார். ஏறியதிலிருந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, தன் பக்கம் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். தேவநாதன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். செஞ்சி ரோட்டில் குவியல் தெரிந்தது. வெள்ளை மாருதியை அடையாளம் கண்டுகொண்ட சின்னபொண்ணு குவியலுக்கு முன்னால் ஓடிவந்து, இரு கைகளையும் விரித்து நின்றார். இந்த முறை ஆடு எதுவும் வரவில்லை. தேவநாதன் தானாகவே மிதித்தார்.

குவியலுக்கு வெகுதூரம் முன்பாகவே, ஒரு குலுக்கல் இல்லாமல் கார் நின்றது.

விரித்த கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சின்னபொண்ணு நடந்து வந்தார். "இன்னாங்க, அங்கியே நின்னுட்டீங்க? நான் பயந்துக்கினு கெடக்கறேன்."

"பேடு புதுசும்மா. தோசைக்கல் கனம்."

சின்னபொண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வடிவின் மடியில் இரு கை மல்லாட்டை போட்டார். கார் மறுபடி கிளம்பியது. சற்று தூரம் போனதும் வடிவு செருப்பைக் கழற்றினார். தரையிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து, சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தார்.