பரவால்ல சார்

எந்த வாசலுக்கு வந்தாலும் கால்நடை டாக்டரம்மாவின் கால் ஒரு கணம் தயங்கும். வங்கியானாலும் சரி, மகள் வீடானாலும் சரி, கண் தரையில் கால் நனைக்கும் மருந்துத் தண்ணீர்த் தட்டைத் தேடும். கோழிக்கொட்டகைகளுக்குள் போய்வந்து பழகிய கால். செருப்பின் ஓரத்தில் அந்தத் தண்ணீர் விட்ட, தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறை. "எம் பொண்ணு கல்யாணத்துலயும் இதே செருப்புதான். சம்பந்தி மொறைச்சாங்க" என்பார், கொஞ்சம் பெருமையாகவே.

கோழி நலத்துக்கான அரசு ஆலோசனைக் குழுவில் அவர் உறுப்பினர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அவர் எதைச் சொன்னாலும் தலைவர் என் பக்கம் திரும்பி, "குறிச்சுக்கப்பா" என்பார். நானும் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதுவேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்ததெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத்தானா என்று தோன்றும். தேநீர் இடைவேளையில் டாக்டரம்மா கேட்பார்: "என்ன தம்பி, இன்னிக்கு எதையெல்லாம் அடக்கம் பண்ணின?" நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

நோய்ப் பண்ணையில் மிதித்த காலோடு அடுத்த பண்ணைக்குள் நுழையக் கூடாது. இப்படி விதி எழுதியதே இந்தக் குழுதான். அதற்காக டாக்டரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

போன வாரம் குழு பண்ணைகளைப் பார்க்கக் கிளம்பியது. முதல் பண்ணையில் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டு மூச்சுக்குத் திணறின. அங்கிருந்து நேராக அடுத்த பண்ணைக்கு. வண்டியிலேயே டாக்டரம்மா எதிர்த்தார், நேரமில்லை என்றார்கள்.

அது ஓர் இளம் தம்பதியின் பண்ணை. கொட்டகை நிறையத் திடமான கோழிகள். அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. வாசலில் ஊதா மருந்துத் தண்ணீரோடு தட்டு இருந்தது. தலைவர் தன் புது ஷூவைப் பார்த்தார். தட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். பண்ணைக்காரர் முகம் வெளிறியது. வாயில் வந்ததோ, "பரவால்ல சார், வாங்க."

"என்னய்யா பரவால்ல? பரவும்" என்றபடி டாக்டரம்மா முன்னால் வந்தார். "சார், விதியில கையெழுத்துப் போட்டது நீங்க."

தலைவர் காலை இறக்கினார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிந்தது. "அம்மா சொன்னதைக் குறிச்சுக்கப்பா" என்றார் என்னிடம். பிறகு டாக்டரம்மாவிடம், "கொஞ்சம் வழி விடுங்க."

டாக்டரம்மா செருப்போடு தட்டுக்குள் இறங்கினார். வாசல் நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி, அந்த ஊதாத் தண்ணீரிலேயே நின்றுகொண்டார்.